பழைய கெனான் டெலி லென்ஸ் குப்பையா?

தம்பி, மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதுவகை கேமராவுக்கு) மாறினால் பழைய கெனான் டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) எல்லாம் குப்பை, சோனிக்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. 2018இல் கெனானின் மிரர்லெஸ் ஆர் கேமராவோடு, பழைய லென்ஸை அதில் மாட்டுவதற்காக வந்த அடாப்டர் வளையத்தில் லென்ஸ் கண்ணாடியே இல்லை, நடுவே வெறும் ஓட்டைதான். அதனால் படத்தின் தரம் குறையாது, இ.எஃப். எனப்படும் அந்தப் பழைய கெனான் லென்ஸின் ஆட்டோஃபோகஸும் (தானாகவே ஃபோகஸ் பிடிப்பதும்) வேலை செய்யும். மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் என் பழைய 400 எம்.எம். லென்ஸை அப்படித்தான் மாட்டுகிறேன். மீன்கொத்தி அலகிலிருந்து சொட்டும் தண்ணீர் வரை தெளிவாக விழுகிறது.

நீங்கள் சொல்வது நிக்கோனுக்குக் கொஞ்சம் பொருந்தும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்களுக்கு நிக்கோனின் எஃப்.டி.இசட். என்ற மிரர்லெஸ் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும். சரி, புது டெலி லென்ஸ் விலையைப் பற்றி நீங்கள் புலம்பியதில் மட்டும் நானும் உங்கள் கட்சி!