ஆடியதை எப்படிப் பதிவு செய்வது?

எங்காவது நிலம் லேசாக அதிர்ந்தால் போதும், "உங்க ஏரியாவுல ஆடுச்சா?" என்று முகநூல் நிரம்பிவிடும். பதில்களில் பயம் இருக்கும், விவரம் இருக்காது. அத்தனை பேர் கண்ணால் பார்த்தது வீணாகிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1897 ஜூன் 12 மாலை அசாமைக் குலுக்கிய பூகம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் தரைமட்டம். அதிர்வை அளக்க அங்கே கருவி இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம், மண்ணில் பாதி புதைந்திருந்த பாறைகள் குழியை விட்டு வெளியே கிடப்பதைக் கவனித்தார். குழிகளின் விளிம்பு சிதையவே இல்லை. பக்கவாட்டில் தள்ளப்பட்டிருந்தால் விளிம்பு உடைந்திருக்கும். ஆக, அவை மேலே தூக்கி எறியப்பட்டவை. நிலத்தின் செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பை மிஞ்சியிருக்கிறது! விளிம்பைப் பார்க்காமல் "பாறைகள் உருண்டன" என்று மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

நேரம் பெரிய தலைவலி. அன்று ரயிலும் தந்தியும் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. கல்கத்தாவின் உள்ளூர் நேரம் அதைவிட ஏறக்குறைய 32 நிமிடம் முந்தியது. எந்தக் கடிகாரம் என்று சொல்லாத சாட்சியத்தை வைத்து அதிர்வலை ஊருக்கு ஊர் பரவிய வேகத்தைக் கணக்கிட முடியாது. இன்று கைபேசி இருக்கிறது, நிமிடத்தை உடனே குறித்துவிடலாம். எத்தனை விநாடி ஆடியது என்பதில்தான் கவனம் தேவை. பயத்தில் பத்து விநாடி ஒரு நிமிடமாகத் தோன்றும்.

பொருள் விழுந்த திசையையும் அப்படியே நம்பக் கூடாது. சுவரை ஒட்டி நிற்கும் பீரோ முன்பக்கம்தான் சாயும். அது சுவரின் திசையைத்தான் காட்டும், அதிர்வின் திசையை அல்ல. திறந்தவெளியில் தனியாக நின்ற உருளைத் தூண் விழுந்திருந்தால் கொஞ்சம் மதிப்பு உண்டு.

நல்ல கேள்வி கேட்டால் மக்கள் நன்றாகவே பதில் சொல்வார்கள். 1755 லிஸ்பன் பூகம்பத்துக்குப் பிறகு போர்த்துகல் அரசு தேவாலயப் பங்குகளுக்கெல்லாம் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பகுதிகள்) ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா, கிணற்று நீர் மாறியதா என்றெல்லாம் கேட்டார்கள். அந்தப் பதில்களை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

நீங்கள் எழுதும்போது ஊர், தெரு, எத்தனையாவது மாடி, உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, எது ஆடியது, எது விழுந்தது, விரிசல் எந்தச் சுவரில், அது செங்கல்லா கான்கிரீட்டா என்று எழுதுங்கள். தில்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்துக்கும் இணையம் வழியே தெரிவிக்கலாம். ஒன்றுமே உணரவில்லையா? அதையும் மாடி எண்ணோடு சொல்லுங்கள். அதிர்வு எதுவரை எட்டியது என்ற எல்லைக்கோட்டை வரைய அந்தப் பதில்களும் வேண்டும்.