பேட்ஜ் குத்தியிருப்பது கொசுவுக்கா?

ஜவுளிக்கடை சேலைப் பிரிவில் நிற்கிறவனுக்குப் பேரே கிடையாதா? ஒரு விரல் சொடுக்கு, ஓடி வரணும். அப்புறம் சட்டையில் பேர் பேட்ஜ் எதற்கு, கொசு படிக்கவா?

நேற்று ஒரு அம்மா. காதில் செல்போன், கையில் ஜூஸ். விரித்துப் போட்ட காஞ்சிபுரம் பட்டைக் காலால் காட்டி, “அதை எடு.” ஜரிகை மேலேயே கட்டைவிரல்! எடுத்தேன். குன்று மாதிரி சேலை குவிந்த பிறகு, “இவனுக்குக் காட்டவே தெரியலடி.” என்னிடம் இல்லை, போனில் இருந்தவளிடம். ஆடித் தள்ளுபடி வந்தால் கேட்கவே வேண்டாம், மகாராணிகள் பவனிதான்.

2021-ல் சட்டம் திருத்தி, கடை ஊழியர் உட்கார இருக்கை கொடுக்கச் சொன்னது தமிழ்நாடு அரசு. ரொம்ப சந்தோஷம். (உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பது தனிக் கதை.) மரியாதைக்கு எந்தச் சட்டத்தைத் திருத்துவது?

கொடுமை என்னவென்றால், இந்தக் கூனல் வீடு வரை வருகிறது. மச்சான் கல்யாணத்தில் முன்வரிசை காலியாகக் கிடக்க, தூண் ஓரமாய்ப் போய் நிற்கிறேன். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்கிறாள். தொட்டுப் பார்த்தே பட்டு அசலா போலியா என்று சொல்கிறவன் நான். கூறைப்புடவையைக் காட்டி சித்தி கேட்கிறாள், “எனக்கென்ன சித்தி தெரியும்?” என்கிறது வாய். யார் வாய்டா இது?