கீமோ ஊசியில் பாலிதீனா? அந்த ஃபார்வர்டை நிறுத்துங்க

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்து ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகு போடுகிற பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசியில் பாலிதீன் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், அது ரத்தத்தை அடைக்கும், போடாதீங்க என்று. தவறு.

அந்த மருந்தில் இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். பாலிதீன் பை தண்ணீரில் கரையாது, பெக் நன்றாகவே கரையும். மலச்சிக்கலுக்குக் கலக்கிக் குடிக்கிற பவுடர்களில் பலவும் இதே வகைப் பொருள்தான். சரி, எதற்காகச் சேர்க்கிறார்கள்? ஃபில்கிராஸ்டிம் என்பது, கீமோவால் குறைகிற, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஒரு புரதம், சிறியது, அதனால் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே வடிகட்டி வெளியேற்றத் தொடங்கிவிடும், தினமும் ஊசி போட வேண்டியிருக்கும். அதன் ஒரு முனையில் பெக் சங்கிலியை வேதிமுறையில் இணைத்தால் மூலக்கூறு பெரிதாகி, எளிதில் வடிகட்டப்படாமல் ரத்தத்தில் பல நாள் தங்குகிறது. ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே ஊசி போதும். கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? அமெரிக்காவில் 2002-லேயே அனுமதி பெற்ற மருந்து இது.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லவில்லை. எலும்பு வலி பலருக்கு வரும், பெக் அலர்ஜி அபூர்வமாக உண்டு, இரண்டும் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கின்றன, எடுத்துப் படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஃபார்வர்டை நம்பி ஊசியைத் தவிர்த்தால் வெள்ளை அணுக்கள் குறைந்து, காய்ச்சலும் தொற்றும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வந்த செய்தியை அழித்துவிடுங்க, அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்க.