அந்தப் பெண் கேட்டது ஒரு தாழ்ப்பாள்

பிஎட் கல்லூரிப் பயிலரங்கு ஒன்றில் கேள்வி கேட்ட மாணவியிடமிருந்து மைக்கைப் பிடுங்குகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. அந்தப் பெண்ணின் முகம் ஏற்கெனவே தேவைக்கு மேல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டது. கல்லூரியின் பெயரையும் எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் "பிஎட் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று போட்டார். கீழே பதினோரு கைதட்டல். அந்தப் பதினோரு பேரும் என்னைப் போல வகுப்பறையில் நிற்கிறவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன? கல்வியியல் கல்லூரி ஒன்றில் தலைமைப் பண்பு மேம்பாட்டுப் பயிலரங்கு. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, நினைவுப் பரிசு எல்லாம் முறைப்படி முடிந்து, சிறப்பு விருந்தினர் "யாராவது கேள்வி கேளுங்கள், தயங்காதீர்கள், தயங்குகிறவன் தலைவனாக முடியாது" என்கிறார். அந்தப் பெண் தயங்கவில்லை. எழுந்து, "பெண்கள் கழிவறையில் ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை சார். ஒரு வருஷமா சொல்றோம். இதை யார்கிட்ட எப்படிக் கேட்டா நடக்கும்னு சொல்லுங்க சார்" என்றார். மைக் பிடுங்கப்பட்டது. மறுநாள் மன்னிப்புக் கடிதம் வாங்கப்பட்டது.

அன்றைக்கு அந்த அரங்கில் தலைமைப் பண்போடு நடந்துகொண்டவர் ஒரே ஒருவர். அவரிடம்தான் மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கேள்வி கேட்க விடாத கல்லூரியில் படித்து வருகிறவர், நாளைக்குத் தன் வகுப்பில் ஒரு குழந்தையைக் கேள்வி கேட்க விட மாட்டார். தலைமைப் பண்பு பயிலரங்கில் வராது. அந்தக் கல்லூரி தினமும் எப்படி நடக்கிறதோ, அதுதான் அங்கே படிக்கிறவர்களுக்குப் பாடம்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிஎட் கல்வி உளவியலில் வருவதுதான். குர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்ய விட்ட ஆய்வு. 1939-இல் வெளியானது. அதட்டி வேலை வாங்கும் தலைவர் அறையில் இருக்கிற வரைக்கும் வேலை நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. பையன்களிடம் கலந்து பேசி நடத்திய குழுவில் தலைவர் இல்லாதபோதும் வேலை ஓடியது. சர்வாதிகாரத் தலைமை, மக்களாட்சித் தலைமை, தலையிடாத் தலைமை என்று மூன்றையும் மனப்பாடம் செய்து விடைத்தாளில் அடிக்கோடு போட்டு எழுதியவர்கள்தானே நாமெல்லாம்? அந்தக் கல்லூரியிலும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். "பாலினம், பள்ளி, சமூகம்" என்று தனித் தாளே இருக்கிறது. அந்தத் தாளைப் படிக்கிற பெண் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டால் அடங்காப்பிடாரி. சரி.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் பிஎட் படித்தது 2003-இல். அப்போது ஒரே வருஷப் படிப்பு (2015-இலிருந்துதான் இரண்டு வருஷம்). குடிமைப் பயிற்சி முகாமுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஐந்து நாள். சமையல், தெருக்கூட்டல், ராத்திரி நாடகம், எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. மெஸ் கணக்கு என் தலையில் விழுந்தது. கடைசி நாள் கூட்டிப் பார்த்தால் 340 ரூபாய் உதைக்கிறது. கணக்கு வாத்தியாராகப் போகிறவனுக்குக் கணக்கு உதைக்கலாமா? கத்தரிக்காய் என்று ஒரு வரியைச் சேர்த்து நேர் செய்துவிட்டேன்.

முதல்வர் அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாளும் உங்களோடதானேப்பா சாப்பிட்டேன், கத்தரிக்காய் சமைக்கவே இல்லையே?" என்றார். சத்தம் போடவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உண்மைக் கணக்கை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க எனக்குக் கத்தரிக்காய் என்றுதான் பெயர். ஆனால் நான் வாசித்து முடித்ததும் அவரே முன்னால் வந்து, "வேனுக்கு டீசல் போட்ட ரசீது ஒண்ணை நானும் தொலைச்சிட்டேன், அந்தப் பணத்தை நான் கட்டிடறேன்" என்றார். முதல்வர். மாணவர்கள் முன்னால்.

தலைமை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ரசீதுதான். இன்றைக்கும் கரும்பலகையில் நான் ஒரு குறியை மாற்றிப் போட்டு, கடைசி பெஞ்சுப் பையன் "சார், தப்பு" என்றால், "ஆமாண்டா, வந்து திருத்து" என்று சாக்பீஸை நீட்ட முடிகிறது. இதை எந்தப் பயிலரங்கும் எனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது வருவீர்கள் என்று தெரியும். "ஒழுக்கம் வேண்டாமா? விருந்தாளி முன்னால் கேட்கிற கேள்வியா இது?" ஐயா, ஒரு வருஷம் விருந்தாளி இல்லாதபோதுதான் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொன்னோம், எழுதிக் கொடுத்தோம், ஆலோசனைப் பெட்டியில் போட்டோம் என்று அந்தப் பெண்ணின் வகுப்புத் தோழிகளே சொல்கிறார்கள். விருந்தாளி முன்னால் மானம் போகும் என்ற பயம், பூட்டாத கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எங்கே போயிருந்தது? ஒழுக்கம் என்று நாம் சொல்வது பாதி நேரம் நம் வசதியைத்தான். சத்தம் இல்லாத வகுப்பு நல்ல வகுப்பு என்று நம்பித்தான் பாதிப் பள்ளிகளைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

"முழு விவரம் தெரியாமல் எழுதாதீர்கள்." தெரியாது. போதுமா?

"அங்கே வேலை பார்க்கிற விரிவுரையாளர்களுக்கு என்ன சம்பளம், என்ன பாதுகாப்பு? அவர்கள் வாய் திறக்க முடியுமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மைக்கைப் பிடுங்கியவர் முகத்திலும் பயம்தான் தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிப்படி பிஎட் வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். காசைக் கட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் வந்து போகிறவர்களை நம் எல்லாருக்கும் தெரியும். வருகை வாங்கித் தர ஆள் இருக்கிறது, ரெக்கார்டு நோட்டு எழுதித் தர ஆள் இருக்கிறது. அவர்களில் யாரிடமாவது மன்னிப்புக் கடிதம் வாங்கியதுண்டா? தினமும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்கச் சொன்னதும் கேட்டவளிடம்தான் வாங்கினார்கள். வராதவனால் தொல்லை இல்லை. வந்தவளால்தான் தொல்லை.

ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா குழு 2012-லேயே இதையெல்லாம் தோண்டிப் பார்த்தது. தனித்து நடக்கும் கல்வியியல் நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று அந்தக் குழுவை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்த வரியோடு மட்டும் சண்டை இல்லை.

விற்ற கடைகளை ஒன்றும் செய்யவில்லை. ஆசிரியர் தரம் என்று பேச்சு வந்தால் மட்டும் எங்கள் தலையில்தான் விடியும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, எட்டாம் வகுப்பு வரை நடத்துகிற, ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் முன்பே வேலைக்கு வந்த எங்களில், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் அந்தத் தேர்வை எழுதித் தேற வேண்டும் என்றார்கள். இருபது வருஷம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றி பியாஜே சொன்ன நான்கு நிலைகளை மறுபடி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். என் மகள் கேள்வி கேட்டுச் சோதிக்கிறாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது. ஆனால் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆசிரியரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, ஆசிரியரைக் கேட்கவும் விடுவதில்லை. அதைப் பழக்குகிற முதல் இடம் கல்வியியல் கல்லூரி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என்னோடு பிஎட் படித்தவன் ஃபோன் செய்தான். "கத்தரிக்கா, உனக்கு எதுக்குடா வம்பு?" என்றான். அவனும் முகாமில் அந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

அந்தப் பெண் இதைப் படிப்பாரா தெரியாது. படித்தால்: பள்ளிப் பயிற்சிக்கு எங்கள் பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாம்மா. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவைக் கொடுக்கிறேன், கேள்வி கேட்டே உன்னைக் கொன்றுவிடுவார்கள். கழிவறைக் கதவு பற்றி இன்று காலை எங்கள் தலைமையாசிரியை டீச்சரிடம் விசாரித்தேன். மூன்றில் இரண்டுக்குத்தான் தாழ்ப்பாள் இருக்கிறதாம். இத்தனை வருஷத்தில் நான் விசாரித்தது இன்றைக்குத்தான். மூன்றாவதற்குச் சனிக்கிழமை ஆள் வருகிறார்.