தண்ணி எங்கே வெளியே வரும்?

மாமா: தண்ணி எங்கே வெளியே வரும்?

மருமகன்: வெளியே வராது மாமா.

மாமா: உள்ளே போகிறது, வெளியே வராதா?

மருமகன்: உள்ளேயும் போகாது. ஏற்கெனவே உள்ளேதான் இருக்கும். குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும்.

மாமா: நாற்பது வருஷமாக எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறேன். தண்ணியில் குளிர்கிற எஞ்சின் என்றால் கடலில் இருந்து இழுக்கும், பக்கத்தால் பீச்சும். பீச்சல் நின்றால் உடனே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். பீச்சாத சாமானை உன் தலையில் கட்டுகிறவன் யார்?

மருமகன்: இது எஞ்சின் இல்லை மாமா, கேமிங் பிசி. கேமிங் என்றால் வோட்டர் கூலிங் போட்டே ஆக வேண்டும் என்று யூடியூப்பில் ஒரு அண்ணன் சொன்னார்.

மாமா: அந்த அண்ணன் காசு தருகிறாரா?

மருமகன்: இல்லை.

மாமா: அப்போ அவர் உனக்கு அண்ணன் இல்லை. சாமான் லிஸ்ட்டை வாசி.

(திருகோணமலை, திருக்கடலூர்க் கரையில் மாமாவின் கொட்டில். என் எஞ்சினுக்குத் தண்ணி இழுக்கிற இம்பெல்லர் மாற்ற வந்து, ஒரு வலைக் குவியலில் குந்தியிருந்தேன். பெடியனின் அம்மா இடியப்பம் அவித்துச் சீட்டுக் கட்டி, சீட்டு விழுந்து, 2,20,000 ரூபாய் வந்திருக்கிறது. காசு மாமாவின் கையில். என் வீட்டிலும் ஒரு கண்ணாடிப் பெட்டிப் பிசி இருக்கிறது. இரவில் கோயில் தேர் மாதிரி எரியும், விளையாட்டைப் போட்டால் அணைந்துவிடும். ஆகவே நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள்.)

மருமகன்: முதலாவது சீபியூ, பிசியின் மூளை. ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட்; ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை பார்க்கும்.

மாமா: எந்த வருஷத்து எஞ்சின்?

மருமகன்: 2022.

மாமா: நல்லது. போன கிழமை வேறு ஏதோ சொன்னாயே, ஏழோ என்னவோ என்று.

மருமகன்: அது டவுனில் ஒரு கடையில் பார்த்தது. கோர் ஐ7, செகண்ட் ஹேண்ட். ‘கேமிங் பிசி’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஐ5 ஐ விட ஐ7 பெரிதுதானே என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் 3770. 2012இல் வந்த சாமான்.

மாமா: 2012இல் நீ மூன்றாம் ஆண்டு.

மருமகன்: அதுவும் மூன்றாம் தலைமுறைதான் மாமா. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட ஏலாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அது ஏற்கும்.

மாமா: அப்போ அந்த ஏழு என்ன ஏழு? ஏழு பேர் வைத்திருந்த எஞ்சினா?

மருமகன்: அதனால்தான் விட்டுவிட்டேன். 5600 புதிது.

மாமா: சூடாகுமா?

மருமகன்: 65 வோட்ஸ் என்று போட்டிருக்கிறான்.

மாமா: குளிர வைக்க என்ன தருகிறான்?

மருமகன்: பெட்டிக்குள்ளேயே ஒரு விசிறி வரும். ட்ரே என்று பெட்டி இல்லாமல் மலிவாகவும் விற்கிறார்கள், அதில் வராது. நான் பெட்டியோடுதான் வாங்கப் போகிறேன்.

மாமா: விசிறி பெட்டிக்குள் வருகிறது. அப்போ தண்ணி எதுக்கு?

மருமகன்: அது கேமிங்குக்கு.

மாமா: நூறு வோட்ஸ் குண்டு பல்பு எரிந்த காலத்தில், பல்புக்கு யாராவது தண்ணி ஊற்றினார்களா?

மருமகன்: அந்த விசிறி சத்தம் போடும் மாமா.

மாமா: என்ன?

மருமகன்: சத்தம் போடும்!

மாமா: ஆ. தண்ணிக்கு எவ்வளவு?

மருமகன்: 22,000.

மாமா: ஒரு இடியப்பத்தில் உன் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

மருமகன்: மாமா, வேண்டாம்.

மாமா: இரண்டு ரூபாய் என்று வை. பதினோராயிரம் இடியப்பம். இரவு மூன்று மணிக்கு எழும்பிப் பிழிகிற கை. பதினோராயிரம் இடியப்பத்தை விற்றுக் குழாய்க்குள் தண்ணி சுற்ற வைக்கப் போகிறாய். அதுவும் பீச்சாத தண்ணி.

மருமகன்: இடியப்பத்தில் கணக்குப் பார்த்தால் உலகத்தில் ஒன்றுமே வாங்க ஏலாது.

மாமா: உன் அம்மா இதுவரை வாங்கவும் இல்லை.

(கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. மாமா கிரீஸ் விரலால் லிஸ்ட்டில் ஒரு கோடு இழுத்தார். கோடு தண்ணியையும் மூடி, கீழே இருந்த, எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியையும் பாதி மூடிவிட்டது. எஸ்எஸ்டியைப் பெடியன் பிறகு திரும்ப எழுதினான்.)

மருமகன்: சரி. அடுத்தது ராம், வேலை ஓடும்போது பயன்படுகிற நினைவகம். எட்டு ஜிபியில் இரண்டு.

மாமா: பதினாறில் ஒன்று இல்லையா?

மருமகன்: இருக்கிறது. ஆனால் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதையாலும் ஒரே நேரத்தில் போய் வரும். ஒன்று போட்டால் ஒரு பாதைதான்.

மாமா: ஓம். ஒற்றைத் துடுப்பால் வலித்தால் வள்ளம் சுற்றிக்கொண்டு நிற்கும். நல்ல வேலை. இதை யார் சொன்னது?

மருமகன்: அந்த அண்ணன்தான்.

மாமா: பரவாயில்லை, இடைக்கிடை அண்ணனாகவும் இருக்கிறார்.

மருமகன்: அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டே இதில்தான் இருக்கிறது மாமா. காசில் பெரிய பங்கு இதுக்குத்தான் போக வேண்டும். ஆர்எக்ஸ் 6600, எட்டு ஜிபி. ஆனால் அதை வாங்கினால் கேசிங்குக்கு, அதுதான் வெளிப்பெட்டிக்கு, காசு காணாது. கடைக்காரர் ஜிடி 730 போடச் சொன்னார். அதிலும் நாலு ஜிபி இருக்கிறதாம். பாதி வேகம் என்றாலும் வருமே.

மாமா: ஜிபி என்றால் குதிரைவலுவா?

மருமகன்: இல்லை. படங்களை வைத்திருக்கிற இடம்.

மாமா: அப்போ தாங்கி. எண்ணெய்த் தாங்கி.

மருமகன்: அப்படியும் சொல்லலாம்.

மாமா: தாங்கியைப் பார்த்து வேகம் சொல்கிறவனிடமா நீ சாமான் வாங்கப் போகிறாய்? சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 தாங்கி இருக்கிறது. அதில் ஒன்றாவது இன்றுவரை ஒரு அடி ஓடினதா?

மருமகன்: (சிரிக்கிறான்) ஓடவில்லை.

மாமா: அந்த 730 எந்த வருஷம்?

மருமகன்: 2014.

மாமா: (கிரீஸ் கோடு) அந்த மற்றதை எடு. பெயின்ட் அடிக்கக் காசு காணாது என்று எஞ்சினைக் குறைத்தவன் ஒருத்தனை இந்தக் கரையில் கண்டிருக்கிறேன். வள்ளத்தின் ஒரு பக்கம் அம்மன், மற்றப் பக்கம் நடிகன், நடுவில் ஒன்பது குதிரை எஞ்சின். இப்போது மற்றவன் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். அம்மனும் நடிகனும் கரையில் நிற்கிறார்கள்.

மருமகன்: கேசிங் அப்படி இல்லை மாமா. மூன்று பக்கமும் கண்ணாடி. ஆறு விசிறி. ஆறும் லைட் எரியும். நிறம் மாறும்.

மாமா: எரிந்தால்?

மருமகன்: வடிவாக இருக்கும்.

மாமா: கோட்டை வாசலில் நிற்கிற மானுக்குக் கழுத்தில் லைட் கட்டினால் வேகமாக ஓடுமா?

மருமகன்: மாமா, எல்லாருடைய பிசியிலும் லைட் இருக்கிறது.

மாமா: ஆறு விசிறியும் காற்றை எங்கே இருந்து இழுக்கும்?

மருமகன்: வெளியில் இருந்து.

மாமா: உன் வீட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது?

மருமகன்: கடல்.

மாமா: அப்போ ஆறு வாயால் உப்புக் குடிக்கப் போகிறது. ஜன்னல் கம்பியைப் பார்த்திருக்கிறாயா? போன வருஷம் அடித்த பெயின்ட்.

(பெடியன் ஜன்னல் கம்பியை நினைத்துப் பார்த்தான் போல. முகம் வாடியது. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று, இழுக்கிற பக்கத்தில் தூசி வலை என்று பேரம் முடிந்தது. லைட் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.)

மாமா: இதெல்லாத்துக்கும் சோறு போடுகிறது எது?

மருமகன்: பவர் சப்ளை. அதுக்குக் காசு இல்லை மாமா, கேசிங்கோடு சும்மா வருகிறது. 500 வோட்ஸ்!

மாமா: சும்மா தருகிறதை ஏன் சும்மா தருகிறான்? படம் இருக்கிறதா?

(இருந்தது. கடையில் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்த படம். மாமா நூல் கட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் இரண்டு விரலால் அந்தச் சின்ன அட்டவணையைப் பெரிதாக்கினார். பெடியனுக்குச் சீபியூ தெரியும், திரெட் தெரியும். ஆனால் 12 வோல்ட் என்று எழுதிய இடத்தைக் கண்டதும் மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சொல்ல வேண்டும். பட்டறியோடு வாழ்ந்த மனிதர். சொந்தக்காரனைச் சந்தையில் கண்டமாதிரி.)

மாமா: 12 வோல்ட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

மருமகன்: 18ஏ.

மாமா: பதினெட்டு அம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கு.

மருமகன்: 216.

மாமா: உன்னுடைய அந்தக் கார்டு எவ்வளவு தின்னும்?

மருமகன்: 132.

மாமா: சீபியூ 65. கூட்டு.

மருமகன்: 197.

மாமா: போர்டு, டிஸ்க், விசிறி, உன் லைட்?

மருமகன்: இன்னும் ஒரு ஐம்பது.

மாமா: இருநூற்று ஐம்பது பேர் பந்தியில் இருக்கிறார்கள், இருநூற்றுப் பதினாறு இலைதான் போட்டிருக்கிறது. மேலே 500 என்று ஒட்டியிருக்கிறானே, மிச்சம் 284 எங்கே?

மருமகன்: ...

மாமா: எங்கே?

மருமகன்: ஸ்டிக்கரில்.

மாமா: ஸ்டிக்கரில். காகம் கம்பியில் இருந்தாலே கறண்ட் போகிற ஊர். போனது ஒழுங்காகவும் திரும்பி வராது, துள்ளிக்கொண்டு வரும். அப்படி ஒரு நாள் இந்தச் சும்மா வந்தது சாகும். தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். உன் அண்ணன் இதைச் சொல்லவில்லையா?

மருமகன்: சொன்னார். 550 வோட்ஸ், 80 பிளஸ் புரோன்ஸ் போடச் சொன்னார். நான்தான் அந்த வீடியோவை ஓட்டிவிட்டேன். அதில் காட்டுகிறதுக்கு ஒன்றும் இல்லை மாமா. ஒரு கறுப்புப் பெட்டி.

மாமா: புரோன்ஸ் என்றால் வெண்கலம்தானே?

மருமகன்: ஓம், ஆனால்...

மாமா: வெண்கலம் நல்லது. உப்பில் துருப்பிடிக்காது. போடு.

(புரோன்ஸ் என்பது உலோகம் இல்லை, வீணாகிற கறண்ட் எவ்வளவு குறைவு என்பதற்கான தரப் பெயர். அதுக்கு மேலே வெள்ளி, தங்கம் எல்லாம் இருக்கிறது. நானும் பெடியனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். திருத்தவில்லை.)

மருமகன்: அப்புறம் ஒரு கேமிங் கதிரை.

மாமா: (தான் குந்தியிருக்கிற மீன் பெட்டியைத் தட்டி) நாற்பது வருஷம் இதில்தான் இருக்கிறேன். இதிலும் கேமிங் என்று எழுதினால் எவ்வளவு கேட்கலாம்?

மருமகன்: கதிரை வேண்டாம்.

மாமா: படம் எதில் பார்ப்பாய்?

மருமகன்: பழைய டி.வி. இருக்கிறதே. 60 ஹேர்ட்ஸ். சின்ன விளையாட்டுகளில் கார்டு செக்கனுக்கு 140 படம் தரும், டி.வி. அறுபதுதான் காட்டும்.

மாமா: கரைக்கு 140 பெட்டி மீன் வருகிறது, லொறியில் 60 பெட்டிக்குத்தான் இடம். மிச்ச எண்பது?

மருமகன்: இப்போதைக்குக் கரையிலேயே நாறட்டும் மாமா. அடுத்த சீட்டில் மொனிட்டர் வாங்கலாம்.

மாமா: இது கதை. சரி, எல்லாம் சேர்த்து எவ்வளவு?

மருமகன்: தண்ணியும் கண்ணாடியும் கதிரையும் போக, 2,14,000. ஆறாயிரம் மிஞ்சுகிறது. (குரலைத் தாழ்த்தி) மாமா, ஒரு விசிறி மட்டும் லைட் உள்ளதாகப் போடவா? ஒன்றே ஒன்று. பச்சை.

மாமா: எந்தப் பக்கம்?

மருமகன்: வலது பக்கம்.

மாமா: வலது பக்கம் பச்சை. பிழை இல்லை, வள்ளத்துக்கும் அப்படித்தான். ஆனால் இடது பக்கம் சிவப்பு வேண்டும்.

மருமகன்: என்ன?

மாமா: இரவில் பச்சை மட்டும் தெரிந்தால், நீ குறுக்கே போகிறாய் என்று எதிரே வருகிறவன் நினைப்பான். நேரே வந்து ஏறிவிடுவான். சிவப்பையும் எழுது.

மருமகன்: எழுதினேன்.

மாமா: பின்னுக்கு வெள்ளை.

மருமகன்: மாமா, பின்பக்கம் சுவர். ஒருத்தருக்கும் தெரியாது.

மாமா: சுவர் பக்கமாக வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? எழுது. அந்தத் தண்ணிப் பெட்டியைத் திரும்பக் காட்டு, அதிலும் ஒரு லைட் இருந்ததே. அது என்ன நிறம்?