ஒரு மஞ்சள் நிறத்துக்கு நாலு மணி நேரம்

போன வாரம் மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் கேட்டரிங் நடத்தும் ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, வெப்சைட்ல அந்தப் பச்சைய எடுத்துட்டு மஞ்சள் போட்டுக் குடேன், பேனர் எல்லாம் மஞ்சள்ல அடிச்சாச்சு." அஞ்சு நிமிஷம் அக்கா என்றேன். 2018இல் நானே சாஸில் (Sass, பக்கத்தின் நிறமும் அமைப்பும் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைச் சுலபமாக எழுத உதவும் மொழி) எழுதிக் கொடுத்த பக்கம், நிறத்துக்கு ஒரே ஒரு வேரியபிள், அதாவது ஒரு பெயரில் ஒரே இடத்தில் வைத்த மதிப்பு.

ராத்திரி எட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது பன்னிரண்டு. வரியை மாற்றியாகிவிட்டது, ஆனால் அதை சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் பழைய கம்பைலர் புது லேப்டாப்பில் ஏறவே இல்லை, அதற்குப் பழைய நோட் (Node.js என்ற மென்பொருள்) வேண்டும், அந்த நோட்டுக்கு ஏற்ற பழைய பைத்தான் மொழி வேண்டும், அதற்குள் வீட்டு லைன் வேறு இரண்டு முறை போய்விட்டது. கடுப்பில் சர்வரில் கிடந்த சிஎஸ்எஸ் ஃபைலைத் திறந்து, பச்சையைத் தேடிக் கையாலேயே மஞ்சளாக்கினேன். காலையில் மெசேஜ்: "பட்டனைத் தொட்டா மறுபடி பச்சையாவுதே." சாஸில் டார்க்கன் என்று எழுதி, கொஞ்சம் கருத்த பச்சையை அதையே கணக்குப் போட வைத்திருந்தேன். கம்பைல் ஆனதும் அது வேறொரு எண்ணாக உறைந்துவிட்டது, என் தேடலில் சிக்கவில்லை.

சாஸைத் திட்டவில்லை. 2006இல் அது வந்தபோது சிஎஸ்எஸ்ஸில் வேரியபிள் கிடையாது, ஒரே நிறத்தை நாற்பது இடத்தில் எழுதியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அதன் கம்பைலர்களில் ரூபி சாஸ் 2019இல் முடிந்தது, லிப்சாஸை 2020இல் கைவிட்டார்கள், மிச்சமிருக்கும் டார்ட் சாஸிலும் ஒரு ஃபைலை இன்னொன்றுக்குள் இழுக்க நாம் காலங்காலமாக எழுதிய இம்போர்ட்டை 2024இலிருந்து விடச் சொல்கிறார்கள். முழுநேர ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது ஒரு மத்தியான வேலை. நான் ஒற்றை ஆள், ஒரு பக்கத்தைக் கொடுத்தால் ஏழு வருஷம் யாரும் தொடமாட்டார்கள்.

ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது கோலாலம்பூரில் வேலை தேடும் தம்பி சண்டைக்கே வந்துவிட்டான். "அண்ணே, இன்டர்வியூல சாஸ் கேக்குறாங்க, ரெடிமேட் டிசைன் தர்ற பூட்ஸ்ட்ராப்பே அதுலதான் எழுதியிருக்கு." சரி, கத்துக்கொள். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), மிக்ஸின் (ஒருமுறை எழுதிய தொகுப்பைப் பல இடத்தில் சேர்ப்பது) எல்லாம் இன்னும் அங்கேதான் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பத்துப் பக்க கல்யாண மண்டப சைட்டுக்கு எதற்கு லூப்?

வெறும் சிஎஸ்எஸ்ஸிலும் வேரியபிள் 2017 வாக்கிலேயே எல்லா முக்கிய பிரவுசரிலும் வந்துவிட்டது. அது பக்கம் ஓடும்போதே உயிரோடு இருக்கும், திருவிழா வாரத்தில் ஒரு வரி மாற்றினால் கோயில் பக்கம் முழுக்க நிறம் மாறும். (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தெரியுமா? இரண்டு கோடு போட்டு 'மஞ்சள்' என்றே எழுதுகிறேன்.) ஒரு விதிக்குள்ளேயே இன்னொரு விதியை எழுதும் நெஸ்டிங் மட்டும் இன்னும் தொடவில்லை. 2023இல்தான் எல்லாவற்றிலும் வந்தது, இங்கே தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பேரன் கழித்துக் கொடுத்த பழைய போனில்தான் பார்க்கிறார்கள், அதில் பக்கமே கலைந்து நிற்கும். அதனால் தட்டையாகவே எழுதுகிறேன், கருத்த நிறத்தையும் தனி வேரியபிளாகக் கையாலேயே போட்டுவிடுகிறேன்.

பழைய சைட்டுகளை ஒவ்வொன்றாக இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன், இரண்டு முடிந்தது. அக்கா நேற்று மறுபடி போன் செய்தார். பேனரில் இருப்பது வேறு மஞ்சளாம்.