‘வைட்’ என்றால் எந்த வைட்?

எல்ஈடி பல்புப் பெட்டியில் வாட் மட்டும் கொட்டை எழுத்தில். வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் 2700-ஆ (மஞ்சள் சாயல்), 4000-ஆ (நடுத்தர வெள்ளை), 6500-ஆ (நீலம் கலந்த வெள்ளை) என்பது பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய ரகசியம். படுக்கையறையில் 6500 மாட்டினால் ஆபரேஷன் தியேட்டரில் படுத்த மாதிரி இருக்கிறது. அங்கே 2700 போதும், சமையலறைக்கு 4000. இதைப் பெட்டியில் அச்சடிக்க என்ன கஷ்டம்? கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடும் என்று விற்பவர்கள் வேறு! கெல்வின் நிறத்துக்கு, வெளிச்சத்துக்கு லூமன்தான் கணக்கு.

சரி, 4000 வாங்கியாச்சு. தக்காளி ஏன் வெளிறித் தெரிகிறது? சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண், குறைவாம். 90 இருந்தால் நல்லது, ஆனால் அந்த எண்ணைப் பல பெட்டிகளில் போடுவதே இல்லை. அப்புறம் ஒரு பல்பு போனால், வேறு கம்பெனியின் அதே 4000 லேசாகப் பச்சையடிக்கிறது!